உங்கள் உயரத்து மேசை

அப்பா,

இப்படி எழுதுவதைக் குறை நினைக்க வேண்டாம். நேரில் நான் உங்களோடு இவ்வளவு கதைத்ததில்லை.

இன்று காலை, வீட்டோடு ஒட்டிய உங்கள் தச்சுப் பத்திக்குள் கற்பூரம் மணத்தது. அம்மா வேலைமேசையில் விளக்குக் கொளுத்தி, பக்கத்தில் பிட்டும் மீன்குழம்பும் படைத்திருந்தார். கீழே முழுக்க மரத்தூள். சுருட்டோடு எட்டிப்பார்த்த மாமாவை, "தூளுக்க நெருப்போட வாறவன் மடையன்" என்று துரத்தியவர் நீங்கள். இப்போது உங்களுக்கே அங்கே நெருப்பு.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. இது அம்மாவின் சீதன வீடு, நாளை எனக்கு. நீங்கள் கலியாணம் முடித்து வந்து ஏறியவர். ஆனாலும் வாவிக் காற்று வருகிற பக்கத்தில் பத்தி இறக்கி, பஸ் ஓட்டி வந்த களைப்போடும் அதற்குள்ளேயே கிடந்தீர்கள். சுவரில் ஒவ்வொரு தச்சு ஆயுதத்தின் உருவத்தையும் கறுப்புப் பெயின்றால் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டினீர்கள். வந்தவர்கள் உங்கள் ஒழுங்கை மெச்சினார்கள். எனக்கு அது காவல். ஓர் உளியை எடுத்தாலும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஆருகா என்ட சீவுளியத் தொட்டது?"

"நான்தான் அப்பா. சும்மா பார்த்தனான்."

"பார்க்கிறதுக்கு அது என்ன படமா? போய்ப் படி புள்ள."

படித்தேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வந்த அன்று, "இனி இந்தக் கைக்குப் பேனைதான். இந்தப் பக்கம் வந்தாத் தெரியும்" என்றீர்கள். பெருமையில் சொல்கிறீர்கள் என்றார் அம்மா. சொல்லிவிட்டுப் பத்திக் கதவைச் சாத்தியதை அவர் பார்க்கவில்லை.

நீங்கள் போன பிறகு, பாலர் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கச் சின்னக் கதிரைகள் செய்கிறேன். கறுப்பு உருவங்களுக்கு மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மரம் அறுக்கிற வாள்களை என் கை எட்டும் இடத்துக்கு இறக்கினேன். மேசைதான் மிச்சம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அது மணிக்கட்டளவில் இருக்க வேண்டும். உங்களுக்கு இருந்தது. எனக்கு விலாவில் இடிக்கிறது. ஒரு பலகை சீவுவதற்குள் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. அதன் கால்களைக் குறைக்க வாளை எடுத்தேன். அம்மா ஓடிவந்து மேசைக்காலைக் கட்டிப்பிடித்தார்.

"மனிசன்ட காலையாகா வெட்டப் போறாய்?"

"இது மரக்கால் அம்மா."

"அவர் ஏசுவார்."

"செத்தவர் எப்படி ஏசுறது?"

"கனவில வந்துதான். மேசை கவனம், மேசை கவனம் எண்டு ஒரே சொல்றார். நான் எப்படி இருக்கன் எண்டு ஒருநாளும் கேக்கல்ல."

அதன் பிறகுதான் இந்த விளக்கும் படையலும். உங்களுக்குப் படைத்த இடத்தில் நான் மரம் வைக்கக் கூடாதாம். கதிரைகள் பாதியில் நிற்கின்றன.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒன்றுதான். பத்தி வாசலில் யாருடைய நிழலாவது விழுந்தால் "ஆரது?" என்று பாய்கிறேன். அச்சு அசல் உங்கள் குரல். கேட்டால் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஒரு காரியம் கேட்க வேண்டும். என் கனவுக்கு வர வேண்டாம், நீங்கள் வந்ததுமில்லை. அடுத்த முறை அம்மாவிடம் போகும்போது, "அவள் வெட்டட்டும்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லி அவர் கேட்பதில்லை.