அன்று உனக்கு வந்தது அருள் இல்லை

என் சரோ அக்காவுக்கு,

இரண்டு நாளாகத் தலை பிளக்கிறது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வலி உனக்குத் தெரியும்.

நம் ஊர் கிள்ளான் அப்படியேதான் இருக்கிறது. கடைத்தெருவில் பக்கத்துக் கடைப் பாட்டை அமுக்குவதற்கென்றே ஒவ்வொருவரும் பாட்டுப் போடுகிறார்கள். அதைத் தாண்டித்தான் நான் வேலைக்கு ரயில் ஏற வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் வலது கண் துடிக்க ஆரம்பித்துவிடும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போகிறவளுக்கு வேறு என்ன வரும்?

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. டெங்கிக் காய்ச்சல் உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோனது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "சரோ அருள் வந்த பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்தத் தைப்பூசத்தில், பத்துமலைப் படியில் பால்குடத்தோடு நீ தள்ளாடினாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், உடம்பு உதறியது, வாந்தி எடுத்தாய். "அருள் வந்திருச்சு!" என்று அத்தை கத்தினார். உருமிக்காரர்கள் உன் காதுப் பக்கமே வந்து இன்னும் ஓங்கி அடித்தார்கள். பாவிகள், நல்ல எண்ணத்தில்தான் அடித்தார்கள்!

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாய். "அது மைக்ரேன்டி. ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. யார்கிட்டயும் சொல்லாத லா. சாமின்னா மரியாதையா பாத்துக்கிறாங்க. தலைவலின்னா நடிக்கிறான்னு சொல்வாங்க." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "விடிஞ்சாலே பயமா இருக்கு" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "மாத்திரை போட்டுட்டுப் படு அக்கா, சரியாயிடும்." அவ்வளவுதான். நீ கடைசியாகச் சொன்னது தலைவலியைப் பற்றி இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. மன்னிப்பாயா?

போன மாதம் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர். மாத்திரைக்குப் போனவளிடம் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். "தூக்கம் கெட்டா வலி வரும் ஆன்டி. வலி வந்தா தூக்கம் போகும். ரெண்டும் சேந்து மனச அரிக்கும். மனசு சோர்ந்தா மறுபடியும் தூக்கம் வராது. உங்க மனசு எப்படி இருக்கு?"

"ஓகே லா டாக்டர்" என்றேன். நம் வீட்டுப் பெண் இல்லையா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அலுப்பாக இருக்கிறது அக்கா. வலியைவிட, வலி இல்லாததுபோல் நடமாடுவதுதான் ஆளை அடிக்கிறது.

நேற்று மாலை என் மகள் கவிதா அறைக்குள் வந்தாள். நீ தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது பதினேழு வயது. "அம்மா, எனக்கும் ஒரு பக்கம் தலை வலிக்குது. ஒரு மாசமாவே சரியா தூங்கல" என்றாள்.

உனக்குச் சொன்ன அதே பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டேன். "மனசு எப்படிடா இருக்கு?"

"ஓகே லா, அம்மா." யோசிக்கக்கூட இல்லை.

"எனக்கு ஓகே இல்லடா" என்றேன். "ரொம்ப நாளாவே இல்ல."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ.

திங்கட்கிழமை இரண்டு பேருமாக டாக்டரிடம் போகிறோம் அக்கா. முதலில் நான் பேசுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். உன்மேல் சத்தியம், ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

அன்று உன்னைக் கேட்காமல் விட்ட தங்கச்சி,
தேவி