அறைச் சத்தத்துக்காக அரை நிமிடம்

16 ஆகஸ்ட் 1986, சனிக்கிழமை

மார்கரெட் தான் எடுத்த படத்தை இன்று பக்குரங்காவில் அவள் வீட்டில் போட்டுக் காட்டினாள். ஃபிஜியில் சர்க்கரை ஆலை ஊரில் ஒன்றாக வளர்ந்த எங்கள் இருவரைப் பற்றிய படம். வெள்ளைக்காரர் மட்டும் இறங்கலாம் என்றிருந்த நீச்சல் குளத்தில் அவள் நீந்துவாள். நான் கம்பி வேலிக்கு வெளியே அவளுடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

படத்தில் அவள் என்னைக் கேட்கிறாள்: “என் மேல கோபம் இருக்கா?”

“ஆமா, இருக்கு. இன்னும் போகல” என்றுதான் நான் சொன்னேன். அதைக் காணோம். படத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு மெல்லச் சிரிக்கிறேன்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பேட்டி முடிந்த பிறகு, வெறும் அறையின் சத்தத்தைப் பதிய வேண்டும், அரை நிமிடம் பேசாமல் இரு என்றாள். இருந்தேன். அவள் பூனை வந்து காலை உரசியது, சிரித்துவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை.

சமையலறையில் தனியாகக் கேட்டேன். “படத்துக்கு ஒரு நல்ல முடிவு வேணுமே” என்றாள். முடிவாம்!

காரில் வரும்போது என் வீட்டுக்காரர், “கடைசியில நீ மன்னிச்சு சிரிச்ச பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு” என்றார்.

வீடு வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதையும் அவர் மன்னிப்பு என்றே நினைத்திருப்பார்.