ஆவாரம்பூ படமும் அடைத்த சன்னல்களும்

என்னோடு மல்லுக்கட்டவே பிறந்த என் ராசாவுக்கு,

நீங்கள் போய் இது மூன்றாவது மழைக்காலம். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லையே. மூன்று மழையாக நான் இந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன். அடைத்தது நீங்கள்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "படத்துல ஓதம் ஏறாமப் பாத்துக்க." அவ்வளவுதான். முப்பத்திநாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தை இல்லை, சுவர் ஈரத்துக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு வந்த அழுகையில் கோபப்பட மறந்துவிட்டேன்.

காலேஜ் லேபில் செடிகொடிகளைப் பாடம் செய்து ஒட்டியே ரிட்டயர் ஆனீர்கள். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருந்ததா? ஆவாரம்பூ, சங்குப்பூ, காகிதப்பூ என்று பறித்து வந்து, பழைய நோட்டுக்குள் பரப்பி, என் அம்மிக்குழவியை மேலே ஏற்றி அமுக்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டினீர்கள். பதினோரு படம். குழவியைக் காணோமென்று நான் கத்தினால், "மிக்ஸி இருக்குல்ல" என்று ஒரு பதில்.

நீங்கள் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. மேற்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று, வெளிச்சுவரே இல்லாத நடு அறைக்குப் பதினொன்றையும் மாற்றினேன். சட்டம் சுவரில் ஒட்டாமலிருக்க முதுகில் தக்கைத் துண்டு வைத்தேன். நீங்கள் பின்னால் செருகியிருந்த நீலக் குருணைப் பொட்டலங்கள் ஈரம் குடித்து ரோஸ் ஆகும்போதெல்லாம், பழைய சட்டியில் போட்டு நீலம் திரும்பும்வரை வறுத்தேன். "என்னக்கா, மழையில வத்தலா வறுக்குறீக?" என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சாரல் வரக் கூடாதென்று வீட்டுச் சன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் அடித்தேன். ஐப்பசி பிறந்தால் வெளியூரில் ஓர் இரவு தங்கியது கிடையாது. திருப்பத்தூரில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போனவள், தாலி கட்டியதும் பஸ் ஏறிவிட்டேன். "படத்துக்கு நீ காவலா, உனக்கு அது காவலாக்கா?" என்று தங்கச்சி கேட்டாள்.

இப்போது செய்திக்கு வருகிறேன். நம் தேனு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தாத்தா ஆகப்போகிறீர்கள். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்து, மேற்குச் சுவரோரம் கட்டில் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் இருமல் பிடித்துக்கொண்டது.

"அம்மா, அந்த நடு ரூமைத் தாயேன். இங்க மூச்சு முட்டுது" என்றாள்.

"மழை விடுற வரைக்கும் பொறுத்துக்கடி. அங்க ஆள் படுத்தா மூச்சுக் காத்துல ஈரம் சேரும்ல."

பெற்ற மகளிடம், அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இப்படிச் சொன்னேன். இந்த வாயில் சூடு வைத்தால் தகும். அவள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளைக்குப் போன் பேசியது என் காதில் விழுந்தது. "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. இங்க எனக்கு இடமில்லை."

மறுநாள் காலை அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஆவாரம்பூ படத்தின் கண்ணாடிக்கு உட்புறம் நீர் முத்துமுத்தாய் நிற்பதைப் பார்த்தேன். என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மகளை விட்டுவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துச் செக்காலை ரோட்டில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் சுற்றிலும் நான் ஒட்டிய டேப்.

"மழை நாள்ல ஒட்டுனீகளாக்கா? ஈரத்தையும் உள்ள வச்சுல்ல அடைச்சிருக்கீக."

உரித்துக் காட்டினார். கறுப்பாகப் பூசணம். கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"இதுக்குப் போயி அழுவாகளா? சார் இருந்தா வழிச்சுப் போட்டுட்டு வேற பூ வச்சிருப்பாரு. வருசா வருசம் தை மாசம் மூணு நாலு சட்டத்தத் தூக்கிட்டு வந்துருவாருல்ல. எப்படி வச்சாலும் பூ வெளுக்கத்தான் செய்யும்பாரு."

வருஷம் முழுக்க நீங்கள் பூ அமுக்கிக்கொண்டே இருந்தீர்கள், ஆனால் படம் பதினொன்றைத் தாண்டியதே இல்லை. அது எனக்கு ஏன் உறைக்கவில்லை? சுவரில் பூ மாறியதே தெரியாமல் அதைத் தாண்டித்தாண்டி நடந்திருக்கிறேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? வீட்டைப் பூட்டினாயா, கேஸை அணைத்தாயா என்று கேட்பதுபோல வாயில் வந்ததைச் சொன்னீர்களா? அதையா நான் வேதவாக்காக்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்?

வீட்டுக்கு வந்தபோது தேனு வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கட்டிலை நடு ரூமுல போடச் சொல்றேன், உள்ள வா" என்றேன்.

"படமெல்லாம்?"

"அது அங்குட்டு எங்கயாச்சும் கெடக்கட்டும்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, கூட்டிப்போக வந்த மாப்பிள்ளையை விட்டே சன்னல் ஷீட்டையெல்லாம் கிழிக்கவைத்தாள். பெட்டி உள்ளே போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. தூறல் விழுந்தால் எழுந்துபோய் சன்னலைச் சாத்துகிறேன். அவள் வந்து திறக்கிறாள்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதும் அவளோடு கோயம்புத்தூர் போகிறேன். உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். மிச்சப் படங்களிலும் பூசணம் இருக்கலாம், எடுத்துப் போடத்தான் வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, எந்தப் பூ, எந்த இதழை எப்படித் திருப்பி வைத்தீர்கள் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். நீங்கள் இருந்தபோது ஒரு தடவைகூட நான் அப்படிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
தேனுவின் அம்மா