மாமா எடுக்காத ராணி

ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா சாகவிடாத என் அம்மாவுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன ஆட்டம் நேற்று மத்தியானம் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்றுதான் முதலில் கேட்பாய். எடுத்த எடுப்பில் சொன்னால் திட்டுவாய், அதனால் நடந்தபடியே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று மாமா வந்தார். வந்தார் என்றா சொல்வது? வீட்டுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். வில்லாபுரத்திலிருந்து பசுமலைக்கு வண்டியில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் சௌராஷ்டிர வீட்டுப் பெண் ஒரு கிறிஸ்தவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள் என்று, நான் பிறப்பதற்கு முன்பே உன் அண்ணன் நம் வாசலை மறந்தவர். பெட்டியைத் தூக்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் உன் போன் டிங் என்றது. செஸ் ஆப். மாமா குதிரையை நகர்த்தியிருந்தார். இனி உன் முறை, மூன்று நாள் கெடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். தங்கச்சியைக் குழிக்கு அனுப்பிவிட்டு ஒரு மனுஷன் போய்க் குதிரையை நகர்த்துவாரா?

அப்புறம் ஊரடங்கு நாட்கள் ஞாபகம் வந்தன. பெயர் தெரியாத ஒருவர் போனில் உன்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். முதல் காயே ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். நீ சட்டென்று எழுந்து நின்று, "இது எங்கண்ணன்டி. சின்ன வயசுலருந்து இப்பிடித்தான் ஆரம்பிக்கும்" என்றாய். அன்றிலிருந்து ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஒரு வார்த்தை எழுதியதில்லை, அவரும் சரி, நீயும் சரி. ஏன் என்று கேட்டால், "பேசுனா சண்ட வரும். காய் நகத்துனா வராது" என்பாய்.

நான் ஆடாமல் விட்டால் கெடு முடியும். உன் பெயருக்கு நேரே தோல்வி என்று ஆப் எழுதும், அவரும் அதோடு நம்மை மறந்துவிடுவார். உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே நூல் அது. என் கையால் அறுபட வேண்டாம் என்று, கெடு முடிகிற நேரத்தில் உன் பெயரிலேயே ஒரு காயை நகர்த்தினேன்.

ஆடிவிட்டேன், சரி. ஆனால் நான் யார்? ஆப்பில் சின்னப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் கம்ப்யூட்டரிடமே தோற்கிறவள். என் ஆட்டத்தை ஆடினால் மாமா ஒரே வாரத்தில் சோலியை முடித்துவிடுவார்.

அதனால் படிக்க உட்கார்ந்தேன். பல் கிளினிக்குக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் செஸ் புதிர்கள். சாயங்காலம் உன் பழைய ஆட்டங்கள். தோற்ற ஆட்டத்தைத் திறந்து பார்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டாயே, காபி ஆறிப்போனாலும் கவலைப்படாமல் உட்கார்ந்திருப்பாயே, அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு காய்க்கும் முன்னால் நிறுத்தி, நீ என்ன ஆடியிருப்பாய் என்று நானே ஊகித்துவிட்டு அப்புறம் பார்ப்பேன். ஆரம்பத்தில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. தப்பு என்று ஆப் சிவப்பில் காட்டும், ஏன் தப்பு என்பதை நான்தான் மண்டையை உடைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். போகப் போகப் பாதி சரியாக வந்தது. நீ அடிக்கப் போகுமுன் ராஜாவை ஒரு கட்டம் ஓரமாக ஒதுக்கி வைக்கிறாய் என்பதை அப்படித்தான் பிடித்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுச் சண்டைக்குப் போகிறவள் நீ.

கம்ப்யூட்டரிடம் கேட்டு ஆடியிருக்கலாம். கை அரித்ததும் உண்மை. செத்தவள் பெயரில் ஆடுவதே ஒரு திருட்டு, அதற்குள் இன்னொரு திருட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தேன். பிறகு, இந்தப் புதன்கிழமை கெடுத்தேன். கிளினிக்கில் பல் பிடுங்கப் பயந்து ஒரு பொண்ணு அலறிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, சும்மா கிடந்த ஒரு சிப்பாயை ராணியால் வெட்டினேன். விரலை எடுத்த பிறகுதான் பார்த்தேன். மாமாவின் குதிரை ஒரே தாவலில் என் ராஜாவுக்குச் செக் வைக்கும், ராணியையும் தூக்கிவிடும்.

எப்போதும் சாயங்காலத்துக்குள் ஆடிவிடுகிற மனுஷன் அன்று ஆடவில்லை. வியாழனும் ஆடவில்லை. வெள்ளியும் போயிற்று. எடுக்க வேண்டிய ராணி கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஏன் எடுக்கவில்லை? உடம்புக்கு ஏதாவதா? சோறு இறங்கவில்லை அம்மா. நேற்று கெடு முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை, அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கதவைத் திறந்தது அப்பா. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அப்பா வாயைத் திறக்கும்வரை எனக்கு உயிர் இல்லை.

"வெயிலா இருக்கு மச்சான். உள்ள வாங்க."

வந்தார். உன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாரும்மா ஆடுறது?"

"நான்தான் மாமா."

"பாப்பா ராணியக் கொண்டுபோயி குதிரைக்கிட்ட குடுக்கமாட்டா." உன்னைத்தான் பாப்பா என்கிறார், அவர் குரல் உடைந்தது. "இம்புட்டு நாளா ஆட்டம் நடந்துச்சா, அவ இருக்கான்னே நெனச்சுக்கிட்டேன். புதங்கிழமைதான்மா எனக்கு அவ செத்துப்போனா."

நீ சாகும்வரை வராதவருக்கு இப்போது என்ன அழுகை என்று ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், "மாமா, டைம் போகுது. ஆடிருங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். போனை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவிடம், "மாப்ள, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அப்பாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்பா செம்பில் கொண்டுவந்தார். மூன்று பேரும் ஆப்பில் அவருடைய கடிகாரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் போன் டிங் என்றது. கெடு முடிந்தது, வெற்றி உனக்கு.

திட்டாதே. அது வெற்றி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அதோடு முடியவில்லை. "ரிவ்யூ பாப்பமா" என்று மாமாவே கேட்டார். முதலிலிருந்து ஓட்டினோம். ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி விரலை வைத்தார். "இந்தா பாருங்க மாப்ள. அடிக்கப் போறதுக்கு முன்னாடி ராஜாவ ஓரமா ஒதுக்கிட்டுப் போறா. இந்தப் புத்தி வேற யாருக்கு வரும்? இது பாப்பாவேதான்."

அது நீ போய் மூன்று வாரம் கழித்து நான் ஆடிய காய்.

சொன்னேன். மாமா அந்தக் காயைப் பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டிப் பார்த்தார். அப்பா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

இன்று காலை ஆப்பில் என் சொந்தப் பெயருக்கு மாமாவிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறார். என் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டு நகர்த்திவிடாமல் இருக்கக் கைகளை இந்தக் கடிதத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையும் வாரேன் என்றிருக்கிறார்.

இனி உன் பெயரில் ஒரு காயும் நகர்த்தமாட்டேன் அம்மா. உன் பழைய ஆட்டங்களைப் படிக்க மட்டும் திறப்பேன். என் ராணி அகப்பட்டால் இரக்கம் பார்க்காமல் எடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். எடுக்கட்டும். மறுநாள் அந்த ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் நீ என்று நம்பிவிட்ட
உன் மகள் எஸ்தர்