மூன்று மீன்களும் பதினாறு நாளும்

பாசமுள்ள மாப்பிள்ளைக்கு,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உங்கள் வீட்டுக்காரி, என் தங்கை தனம். அவளைப் பற்றி வரும் இடத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். "எழுதுறதுக்கு முன்னாடியே சந்தேகமாண்ணே?" என்றாள். அதையும் எழுது என்றேன்.

முதலில் மீன்களின் சேதி. நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். மேலே நீந்தும் அரோவனா, நடுவே ஆஸ்கர், அடியில் கெளுத்தி, மூன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரே தொட்டியில்தான் இருக்கின்றன. ஆஸ்கருக்கு மட்டும் வால் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அது என் தப்பு.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "மச்சான், அதுக மூணையும் பிரிச்சிராதீக." நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுநாளே என்ன செய்தேன் தெரியுமா?

உங்களைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததும் வீட்டைக் கழுவிவிடச் சொன்னேன். மூத்த மச்சினன் என்ற முறையில் பெரிய மனுஷனாக நின்று, "கருமாதி முடியிற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கவுச்சி நுழையக் கூடாது" என்றேன். ஃபிரிட்ஜில் நீங்கள் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்த இறாலையும் மீன் துண்டையும் எடுத்து வெளியே கொட்ட வைத்தவனும் நான்தான். உங்கள் படத்துக்கு விளக்கேற்றிய இடத்துக்கு நேர் எதிரே தொட்டி. அதற்குள் மூன்று வாய்கள் இருக்கின்றன என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கடைத் தீனி உருண்டை ஒரு டப்பா கிடந்தது. அதைப் போட்டோம். வாயில் வாங்கி, மரியாதையாக வெளியே துப்பிவிட்டன. பெரிய மீன், பத்து நாள் தாங்கும் என்று இருந்துவிட்டேன். பசியைத் தாங்கின. கோபத்தைத்தான் தாங்கவில்லை. ஏழாம் நாள் காலையில் பார்த்தால் ஆஸ்கரின் வால் கிழிந்து தொங்குகிறது. கெளுத்தி, உங்கள் குழாய்க் கடையிலிருந்து நீங்கள் கொண்டுவந்து போட்ட துண்டுக்குள் உடம்பையும் வெளியே மீசையையும் வைத்துக்கொண்டு, யார் அருகே வந்தாலும் பாய்கிறது. மேலே அரோவனா மூடியில் முட்டுகிறது.

தனம் தள்ளி நின்றே பார்த்தாள். பதினாலு வருஷமாக அந்தத் தொட்டியை அவள் தொட்டதில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. அதுகளைத்தான் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேப்பாக. கருமாதி அன்னைக்கு மதுரைக்காரரு வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். மதுரைக்காரர் என்பது வளர்ப்பு மீன் கடைக்காரர். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: மூன்றையும் தனித்தனித் தொட்டிக்குத்தான் கொண்டுபோவாராம். சேர்ந்து இருக்கிற ரகமே இல்லையாம்.

நான் படிக்காதவன். ஆனால் நீங்கள் சொன்ன ஒரு சொல் எனக்கு மறக்கவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டையில், கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டபடி சொன்னீர்கள்: "வாய்க்குள்ள போற அளவுன்னா அது தீனி, மச்சான். போகாத அளவுன்னாத்தான் கூட்டாளி." இன்னொரு நாள், ஆஸ்கரைப் புதிதாக விட்டபோது: "சண்டை வந்தா கல்லை மாத்திரணும். எது நம்ம இடம்னு தெரியாம நிக்கிறப்ப ஒருத்தனும் வீராப்பு பேச மாட்டான்."

கல்லை மாற்றினேன். குழாயை இடமிருந்து வலம் கொண்டுபோனேன். கெளுத்தி திகைத்துப் போய் ஒரு மூலையில் நின்றது. ஆனால் பசிக்கு என்ன செய்ய?

மண்புழு என்று நான்தான் வாயெடுத்தேன். உடனே பந்தலில் வழக்கு. "புழு கவுச்சி இல்லாம என்னவாம்?" என்று ஒருவர். பல்லில்லாத மல்லாங்கிணறு சித்தப்பா சொன்னார்: "ஏலே, மண்ணைத் தின்னு மண்ணுல கெடக்குறது. அது கவுச்சின்னா நம்ம வெள்ளாமையும் கவுச்சிதான்." அந்தத் தீர்ப்போடு மம்பட்டியைத் தூக்கினேன்.

வெயில் உங்களுக்குத் தெரியாததா? மம்பட்டியைப் போட்டால் கல்லில் போட்ட மாதிரி கணீர் என்கிறது. வேப்ப மரத்தடி, மாட்டுக் கொட்டகை, வாய்க்கால் ஓரம், எங்கும் புழுதி. கடைசியில் கொல்லை வாழைக்குப் போனேன். நீங்கள் சனிக்கிழமை தோறும் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை இறைத்து ஊற்றுவீர்களே, அந்த இடம். தெருவே குடத்தோடு காத்திருக்கும்போது மீன் தண்ணியை மாத்துறாரு பாரு என்று ஊர் ஏசியது. நானும் ஏசியிருக்கிறேன்.

ஒரே வெட்டு. கருப்பு மண். கை நிறையப் புழு. இதெல்லாம் தெரிந்துதான் அங்கே ஊற்றினீர்களா, மாப்பிள்ளை?

அலசிக் கொண்டுவந்தேன். அப்போதுதான் அடுத்த சிக்கல். மூன்றுக்கும் ஒரே நேரத்தில், மேலே, நடுவே, அடியில் போடவேண்டும். இல்லையென்றால் ஒன்றின் பங்குக்கு ஒன்று பாயும். உங்கள் கை வேகம் எனக்கு வராது. "தனம், ஒரு கை குடு" என்றேன். தொட்டிக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "பல்லு இருக்காண்ணே?" "கெளுத்திக்கு அரம் மாதிரி. கையை உள்ள விடாத, மேல இருந்து போடு." நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். மூன்றும் தின்றன. அன்றைக்குச் சண்டை இல்லை. மறுநாளும் இல்லை.

பதினாறாம் நாள், கருமாதி முடிந்து கறிச்சோற்றுக்கு வந்த இறாலில் முதல் பிடி தொட்டிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து மதுரைக்காரர் பைகளோடு வந்தார். மூன்றும் ஒன்றின் விலாவை ஒன்று உரசாமல் சுற்றுவதைப் பார்த்து, "இத்தனை வருசம் எப்படித்தாம்மா வச்சிருந்தாரு?" என்றார்.

தனம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவுக மூணு பேரும் சாப்பிடுற நேரம், அண்ணாச்சி. நீங்களும் உக்காந்து சாப்பிட்டுட்டு வெறும் பையோட கெளம்புங்க" என்றாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். குறைக்கக் கூடாது என்றேன், எழுதிவிட்டாள்.

மாப்பிள்ளை, நான் தலையை ஆட்டியது வீண்போகாது. என் கால் நடக்கும் வரை சனிக்கிழமை தோறும் வருவேன். ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவேன். அந்தத் தண்ணீர் வாழைக்குத்தான் போகும், தெரு ஏசட்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி
உங்கள் தொட்டியின் இடப்பக்கம் நிற்கும்
மச்சான்