கூட வந்தவரின் கன்னம்

மார்ச் 4

பத்திரிகைக்கார அம்மாவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நாம் பிரிந்த நாளிலிருந்து உன் பத்தியை வாராவாரம் படித்து வருகிறேன். ‘வெளியூரில் கற்றது, வீட்டில் செய்தது’. தலைப்பு எனக்கு மனப்பாடம்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் செய்வது எப்படி என்று எழுதினாய். பொறுக்கியது யார்? இடுப்புப் பிடித்துக்கொண்டு அறையில் சுருண்டு படுத்தது யார்? உன் கட்டுரையில் ‘கூட வந்தவர்’ பையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. தங்கும் விடுதிகளில் மிச்சமான சோப்புத் துண்டுகளைத் துருவி, வெந்நீரில் கரைத்து, கிண்ணத்தில் ஊற்றிப் புதுச் சோப்பு செய்யலாம் என்று எழுதினாய். அது என் யோசனை. அங்கேயும் ‘கூட வந்தவர்’தான். பெட்டி தூக்குகிறவனைக்கூட மனிதர்கள் பெயர் கேட்டுக் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் விழுங்கிவிட்டேன். போன வாரத்துப் பத்தியை விழுங்க முடியவில்லை. எலுமிச்சைச் சாற்றில் தேன் குழைத்து முகத்தில் தடவச் சொல்லியிருக்கிறாய். ஏரிக்கரை ஊரில் விடுதிக்கார அம்மா சொல்லிக்கொடுத்ததாம், முகம் பளிச்சென்று ஆகுமாம். முதலில் தடவிப் பார்த்தது யார் முகத்தில்? அந்த முகத்தோடு வெயிலில் படகேறி, இடது கன்னம் சிவந்து, கறுத்து, மழைக்காலம் வரும்வரை திட்டோடு கல்லூரிக்குப் போனவன் நான். எலுமிச்சை பட்ட தோல் வெயிலில் வெந்துபோகும். ஊரார் முகத்தையெல்லாம் கெடுத்துவிடாதே.

இப்படிக்கு,
பெயர் உள்ள ஒருவன்

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபத்தில்கூட உங்கள் எழுத்து வரி கோணாமல்தான் இருக்கிறது.

ரயிலில் நீங்கள் விட்ட குறட்டையைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதினேன். மறுநாள் கல்லூரியில் பியூன், “என்ன சார், ரயில் எந்த ஸ்டேஷன் வந்திருக்கு?” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து, “இனிமே உன் எழுத்துல எங்கயும் என்னை இழுக்காதே” என்று கத்தினீர்கள். அந்த வாக்குவாதம் ஓயவே இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நானும் இழுக்கவில்லை. அதற்காக அந்த ஊர்களுக்குத் தனியாகப் போனதாகப் பொய் எழுதவும் கை வரவில்லை. அதனால்தான் ‘கூட வந்தவர்’. எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றமா?

கன்னத்து விஷயத்துக்கு வருகிறேன். அன்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல, வெயில்தான்” என்று சொன்னது நீங்கள். அதை நம்பித்தான் இத்தனை வருடம் கழித்து எழுதினேன். எலுமிச்சைதான் காரணம் என்று வேதியியல் பாடம் நடத்துகிறவருக்கு அன்றைக்கே தெரியாதா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

இரண்டு வாசகிகள் முகம் கறுத்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஆசிரியர், “சரியான விளக்கம் வரலேன்னா பத்தியை நிறுத்திடுவேன்மா” என்று சொல்லிவிட்டார். நான் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டவர் எழுதினால் நம்புவார்கள். எழுதித் தருவீர்களா? அப்படியே போடுகிறேன். கையெழுத்துப் போட்டால் உங்கள் பெயர் வரும். போடாவிட்டால் ‘கூட வந்தவர்’ என்று வரும். உங்கள் இஷ்டம்.

அந்தப் பத்தி போய்விட்டால் போன ஊர்களெல்லாம் என்னை விட்டுப் போய்விடும்.

இரண்டு பக்கமும் குற்றவாளியான,
நான்

மார்ச் 13

உன் பத்திரிகைக்குத் திருத்தம் எழுத என்னை யாரும் நியமிக்கவில்லை. ஊர் சிரித்தபோது என் மானம் உனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது மட்டும் கன்னம் வேண்டுமா? இனிக் கடிதம் வேண்டாம்.

மார்ச் 16

கோடு வரைக்கும் அச்சுக்கு. அதற்குக் கீழே உனக்கு.

வாசகர்களுக்கு: எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் படக் கூடாது. பட்டால் வெந்து கறுக்கும். இதைப் படித்தும் தெரிந்துகொண்டேன், பட்டும் தெரிந்துகொண்டேன். ஏரிக்கரை ஊரில் ஒரு காலையில் இதைத் தடவிக்கொண்டு படகில் ஏறினேன். படகுக்காரர், “என்ன சார், மூஞ்சில பெயின்டா?” என்றார். பக்கத்தில் இருந்தவள், “இல்லண்ணே, மறுபடி மாப்பிள்ளை ஆக்குறேன்” என்றாள். படகே ஆடும்படி மூவரும் சிரித்தோம். கன்னம் கறுத்ததென்னவோ உண்மை. ஏற்கெனவே தடவியவர்கள் திட்டைத் தேய்க்காதீர்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். நாளானால் நிறம் திரும்பும். எனக்குத் திரும்பியது. கல்யாணப் பெண் பயப்பட வேண்டாம். முகத்துக்குத் தேன் மட்டும் போதும்.

————

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். கிண்ணத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். “அசையாம உக்காருங்க, கண்ணுல போயிடும்” என்று ஒரு கையால் என் தாடையைப் பிடித்திருந்தாய். நான் வாயைத் திறந்திருந்தால் கையை எடுத்திருப்பாய். திறக்கவில்லை. கறுத்த பிறகு எலுமிச்சை என்று சொல்லியிருந்தால், மறுபடி என் முகத்தில் கைவைக்கவே பயந்திருப்பாய். அதனால் வெயில் என்றேன்.

குறட்டையை நான் மன்னிக்கவில்லை. அது தனி வழக்கு. சிப்பியையும் எழுதி வைத்துக்கொள்.

அந்த நாளில் நீ செய்த சோப்பு ஒன்று என் பெட்டி அடியில் கிடந்தது. ஏழெட்டு விடுதிகளின் வாசனை ஒன்றாகக் கலந்திருக்கிறது. இன்று காலையில் அதைப் போட்டு முகம் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும் என் பெயருக்கு அந்த ஏரியும் தெரியாது, அந்தப் படகும் தெரியாது. அங்கெல்லாம் போனது கூட வந்தவர்தான். அதனால் பேனாவை மூடிவிடுகிறேன். கையெழுத்து இல்லாமலே உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.