ரோட்ஸ்டரில் பக்கத்து இருக்கை ஒன்றுதான்

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சிவப்பு ரோட்ஸ்டர் நின்றது. தூறல் தொடங்கியிருந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, பின்னால் மடிந்து கிடந்த துணிக்கூரையை இழுத்து மாட்டப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்குக் காத்திருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மாமா ஒருவர், "காசு குடுத்து கூரையில்லாத கார வாங்கிட்டு, இப்ப கூரையத் தேடுறாரு பாருங்க" என்றார். உன்னிடம் சொல்லிச் சிரிக்கத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஓர் அம்மா நின்றிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குக் கார்மேல் ஆசை வந்ததே நோயால்தான். பிறந்ததிலிருந்து இதயத்தில் கோளாறு. கண்டி கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் வாப்பாவின் வேனில் சாய்ந்தபடி, முன்னால் போகும் கார்களின் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினாய். உன் வாப்பாவுக்கு வண்டி திருத்தும் கராஜ் இருந்தது. பஸ்ஸில் நசுங்கி வரும் எனக்கோ கார் என்றால் பஸ்ஸுக்கு வழிவிடாத வண்டி, அவ்வளவுதான். நூலகத்தில் என் கதைப் புத்தகத்தின்மேல் கார் சஞ்சிகையை விரித்து வைத்து, இருவர் மட்டும் போகும் திறந்த காருக்கு ரோட்ஸ்டர் என்று பெயர், நாலு கதவுள்ளது செடான் என்று சொல்லித் தந்தவள் நீ.

தமிழ் மன்ற விவாதத்துக்கு நாமே தலைப்புச் சொல்லலாம் என்றதும் நீ எழுந்து நின்றாய். "ஓட்டி மகிழச் சிறந்தது ரோட்ஸ்டரா, வேகமான செடானா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, "முதல்ல உங்கள் ரெண்டு பேருக்கும் சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது. ஆனாலும் தலைப்பு கிடைத்தது.

நீ செடான் பக்கம் போனாய். உன் பாடக் கொப்பி அட்டைகளில் ஒட்டியிருந்ததெல்லாம் ரோட்ஸ்டர் படங்கள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் காத்துப் படக்கூடாதாம். கிடைக்காத சாமானுக்கு நான் ஏன் வாதாடணும்? நீ வாதாடு."

சஞ்சிகைகளிலிருந்து எஞ்சின் வலுவையும் எடையையும் மனப்பாடம் செய்து உன்னிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. உக்காந்தா எப்படி இருக்கும்? அதச் சொல்லு" என்றாய்.

அதற்குப் பதில் தேடித்தான் உன் வாப்பாவைப் பிடித்தோம். கராஜில் அப்போது ஒரு தோட்டத்து டாக்டரின் பழைய ரோட்ஸ்டரும், ஒரு கடை முதலாளியின் பலமான எஞ்சின் கொண்ட செடானும் வேலை முடிந்து நின்றன. இரண்டையும் பண்டாரவளை வரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்களிடம் சொல்லி நம்மையும் கூட்டிப்போக வாப்பா இணங்கினார். உம்மா இணங்கவில்லை.

"காத்துப் பட்டு காய்ச்சல் வந்தா ஒபரேஷன் தள்ளிப் போகும் மகள். பொறகு போகலாம்."

"பொறகு கட்டாயம் போவேன்னு நீங்க சொல்லுங்க உம்மா. நான் இப்ப போகல்ல."

உம்மா உள்ளே போய் ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் போட இன்னொன்று, ஒரு சால்வை, காதை மூடும் கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் கொண்டு வந்தார். மூக்கு மட்டும் தெரிய நீ ரோட்ஸ்டரில் ஏறினாய். வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஓர் இருக்கை.

நானும் உம்மாவும் செடானில் பின்னாலேயே வந்தோம். உன் அண்ணன், நீ நானா என்று கூப்பிடுபவர், ஓட்டினார். ஹாலி-எல தாண்டி ஏற்றத்தில் அவர் காலை இலேசாக அழுத்தியதும், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. சத்தமே இல்லை. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்து மீட்டரைப் பார்த்தால் பயமாக இருந்தது. வளைவில்கூட உம்மாவின் பிளாஸ்க் சாயவில்லை. ஆனால் அந்த வேகம் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"முந்தாத. பின்னாலயே போ. புள்ளட சால்வை பறக்குது பாரு."

"உம்மா, இந்தக் காருக்கு இது அவமானம்."

"காருக்கு வெக்கம் இல்ல. நீ ஓட்டு."

பண்டாரவளையில் நிறுத்தியபோது உன் கன்னங்கள் சிவந்திருந்தன. கதவைத் திறந்து நீயே இறங்கினாய். பிறகு, "வேகம் எஞ்சின்ல இல்லடீ, காதுலதான் இருக்கு. மீட்டர்ல முப்பத்தஞ்சுதான். பறந்த மாதிரி இருந்திச்சு" என்றாய். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டினாய். "மலை இறங்கும்போது நீ."

வேண்டாம் என்றேன். இன்னொரு முறை உனக்கு வாய்க்குமா என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

"அந்தப் பக்கம் பேசுறவ நீ. ஏறாமலே பேசித் தோத்தா, நான் ஜெயிச்சதுக்கு என்ன மதிப்பு?"

"ஏறுங்க மகள்," என்றார் உம்மா. "அவ ஒன்னு நெனச்சா விட மாட்டா."

ஏறினேன். கையை நீட்டினால் தெருவைத் தொடலாம் என்ற அளவுக்கு இருக்கை தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரிந்தது. வாப்பா கியரை மாற்றும்போதெல்லாம் எஞ்சின் பதில் சொன்னது. ஸ்டியரிங் அவர் கைக்குள் உயிருள்ளதுபோல் துடித்தது. தெருவோர டர்பன்டைன் மரங்களின் தைல வாசம் வந்து, அது போய், பக்டரியில் தேயிலை காயும் வாசம் வந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து எத்தனையோ முறை பார்த்த மலைகள்தான் இவை என்பதையே நம்ப முடியவில்லை. "மலை ஏறக்குள்ள அவ ஒரு வளைவுக்கும் கண்ண மூடல்ல" என்றார் வாப்பா, தெருவிலிருந்து பார்வையை எடுக்காமல். பின்னால் திரும்பிப் பார்த்தேன். செடானின் முன் இருக்கையில் நீ நானாவை இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

உனக்குக் காய்ச்சல் வரவில்லை. குறித்த வாரத்திலேயே கண்டிக்குப் போனீர்கள். விவாதமும் அதே வாரத்தில் வந்ததால், உன் பேச்சையும் என்னையே வாசிக்கச் சொன்னார் டீச்சர். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் நீ சொல்லச் சொல்ல எழுதினேன். "ரோட்ஸ்டர்ல சந்தோஷம் ஓட்டுறவருக்கும் இன்னொருத்தருக்கும்தான். செடான்ல ஏச்சு வாங்கிக்கிட்டு, பிளேன்டீ குடிச்சிக்கிட்டு, எல்லாரும் போகலாம். அதுக்குமேல நெனச்சா பறக்கவும் செய்யும்."

என் பேச்சில் ஓர் எண்ணும் இல்லை. இறங்கி வந்த தெரு மட்டும் இருந்தது. இரண்டையும் வாசித்து முடித்ததும் டீச்சர் உன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். செய்தி கேட்டு, "ஆளே வராம ஜெயிச்சிட்டேன்" என்று மூச்சு வாங்கச் சிரித்தாய்.

பிறகு, "நீ இறங்கின பாதியச் சொல்லு. ஒரு வளைவையும் விடாத" என்றாய். சொன்னேன். நான் முடித்ததும் நீ ஏறிய பாதியைச் சொன்னாய்: முதல் வளைவில் வாப்பாவின் சட்டையைப் பிடித்தது, தெமோதரைப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தது, கம்பளிக்குள்ளும் காற்று புகுந்தது, அதை உம்மாவிடம் சொல்லாமல் மறைத்தது. அடுத்த நாள் ஒபரேஷன். நீ திரும்பி வரவில்லை.

பண்டாரவளைக்குப் போக நேர்ந்தால் நான் இன்னும் பஸ்ஸில்தான் போகிறேன். ஏறும்போது உன் குரல் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. இறங்கும்போது என் முதுகுக்கே எல்லாம் தெரியும். அன்று நீ உன் பயணத்தில் பாதியை எனக்குத் தந்தாய் என்று நினைத்திருந்தேன். மற்றப் பாதியையும் என்னிடமே தந்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.